மாதிரிப் பக்கம்

1989ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் ஆறாம் தேதி, திங்கட்கிழமைக் காலை நிலவரம் பின்வருமாறு இருந்தது. வல்லத்துப் பள்ளி ஒன்றில் வரலாற்று ஆசிரியராகப் பணியாற்றிய மஜீத், செஞ்சி வட்டத்து ஏரிகளைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய முனைவர் பட்ட ஆய்வேடு கையெழுத்துப் படியாக முடிந்திருந்தது. அதைப் பல்கலைக்கழகத்தில் ஒப்படைக்க மார்ச் முப்பத்தொன்று கடைசி நாள். இரண்டு முறை கெடு நீட்டித்தாயிற்று. மூன்றாம் முறைக்கு விதியில் இடமில்லை. அந்த நாள் தவறினால் பதிவு ரத்தாகும், எட்டு ஆண்டு உழைப்பு எடைக்குப் போகும். தவறாமலிருக்க நெறியாளர் பேராசிரியர் வெங்கடரமணனின் கையெழுத்து வேண்டும். அவர் ஒரே ஒரு நிபந்தனை விதித்திருந்தார்.

"மொதல்ல ஒரு மாதிரிப் பக்கம் அடிச்சுக் கொண்டு வாங்க. எழுத்து எப்படி இருக்குன்னு நான் பார்க்கணும். அது சரியா இருந்தாத்தான் மிச்சம். கையெழுத்தும் அப்பத்தான்."

நிபந்தனை எளியது. எளிய நிபந்தனைகளால்தான் பலர் கெட்டிருக்கிறார்கள்.

செஞ்சி பஜாரில் உத்திராபதி நடத்திய தட்டச்சுப் பயிலகத்தில் மஜீத் ஒரு பக்கத்தை நான்கு கார்பன் வைத்து அடிக்கச் செய்தார். மேல்படி பல்கலைக்கழகத்துக்கு உரியது என்பது அவருடைய கொள்கை. ஆகவே அதை மடங்காமல் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, கடைசிப் படியை உறையில் இட்டார்.

"மேல் காப்பியவே குடுத்தா இன்னா கொறஞ்சுபூடும்?" என்று கேட்டாள் மனைவி அசீசுன்னிசா.

"மாதிரிதானே? அதுக்கு எதுக்கு நல்ல காப்பிய அழுக்காக்கணும்?"

"எட்டு வருஷமா கட்டில்ல பாதி உங்க ஏரிக்கு, மீதியில நானும் புள்ளையும். அந்த மனுஷருக்குக் கடைசிக் காப்பிதான் மிச்சமா?"

மஜீத் உறையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

பேராசிரியர் பக்கத்து ஊர்க் கல்லூரி ஒன்றில் வேலை பார்த்தார். மே மாதம் ஓய்வு பெறவிருந்தார். மனைவி காலமாகிவிட்டார், மகன் பம்பாயில். வீட்டைப் பவுனம்மாள் என்ற வேலைக்காரி கவனித்துவந்தாள். அவ்வீட்டுக் கூடத்தில் ஆய்வு மாணவர் நிற்கவேண்டிய இடம் கதவோரத் தூண். அங்கு நின்று, நெறியாளர் முகத்தை நிமிர்ந்து பாராமல், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். மஜீத் இந்த ஒழுங்கில் முதன்மையானவர். இத்தனை ஆண்டுகளில் அவர் நன்கு அறிந்திருந்தவை பேராசிரியரின் இரண்டு பாதங்களும் மடியும் மட்டுமே.

அந்த மடியில் மாதிரிப் பக்கம் வைக்கப்பட்டது. பேராசிரியரின் கட்டைவிரல் தாளின் தலையிலிருந்து அடிவரை மெல்ல ஊர்ந்தது. காகிதத்தின் தரத்தைச் சோதிக்கிறார் என்று மஜீத் எண்ணினார்.

"எழுத்து சரியா விழல."

"சார்?"

"விழலன்னா விழல. இதக் கொண்டுபோய் யுனிவர்சிட்டியில நீட்டினா என் பேரு இன்னாவறது? வேற பாருங்க."

ஏன் என்று கேட்கும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. முன்பு ஒரு மாணவர் கேட்டார். அவர் இப்போது உரக்கடை வைத்திருக்கிறார்.

உத்திராபதி கொதித்துப்போனார். "என் மிஷினையா எழுத்து விழலன்னாரு? இதுல அடிச்சவங்க பாதிப் பேரு இன்னிக்கு டாக்டரு சார்!"

"மீதிப் பாதி?"

"மீதிப் பாதிக்குக் கல்யாணம் ஆயிட்டுது. நான் இன்னா பண்றது?"

அந்த வெள்ளிக்கிழமை, பாண்டிச்சேரியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்த ஹுசைன் வந்து சேர்ந்தான். அசீசுன்னிசாவின் தம்பி. எதையும் அறிந்தவன்; அறியாததை அதிகமாக அறிந்தவன்.

"இன்னும் டைப்ரைட்டரா மச்சான்? அதெல்லாம் கோட்டை மேல கெடக்கற பீரங்கிகூட சேர்த்து வைக்கவேண்டிய சாமான். இப்ப எல்லாம் வேர்ட்ஸ்டார்தான்."

"அது இன்னாடா, சோப்பா?" என்றாள் அக்கா.

"சாப்ட்வேர்க்கா. தப்பு வந்தா ஸ்கிரீன்லியே அழிச்சுக்கலாம். பக்க நம்பர் அதுவே போட்டுக்கும்."

"அடிக்குறிப்பு?" என்று மஜீத் கவலையோடு கேட்டார். அவருடைய ஆய்வேட்டில் பக்கத்துக்குப் பக்கம் அடிக்குறிப்புகள் இருந்தன.

"பாத்துக்கலாம் மச்சான்."

'பாத்துக்கலாம்' என்பது ஒரு திட்டமன்று. மஜீத் அதைத் திட்டமாக ஏற்றுக்கொண்டார். ஹுசைன் பார்த்து அடிப்பதற்கென்று பீரோவிலிருந்த மேல்படியையும் கையெழுத்துக் கட்டையும் வாங்கிப் போனான். மேல்படியைத் திண்டிவனத்தில் பஸ் மாறும்போது தொலைத்தான். கட்டு பிழைத்தது.

அடுத்த வாரம் முதல் அத்தியாயம் வந்தது. இரு ஓரங்களிலும் வரிசையாகத் துளையிட்ட நீண்ட காகிதம், புள்ளி புள்ளியான எழுத்து. அடிக்குறிப்புகளுக்கென்று சென்டரிலிருந்த பழைய வேர்ட்ஸ்டாரில் ஒழுங்கான ஏற்பாடு இல்லை. ஹுசைன் கையால் இடம் விட்டுச் சேர்த்திருந்தான். ஒரு வரி கூடியதும் எல்லாம் ஒரு பக்கம் தள்ளிப்போயிருந்தன. பனமலை ஏரியின் கரை உடைந்த செய்தி வல்லத்து ஏரிக்குக் கீழே வந்து நின்றது.

"வல்லத்து ஏரி எப்ப ஒடஞ்சுது ஹுசைன்?"

"வுடுங்க மச்சான், ஒடையாத ஏரி எது? மொதல்ல எழுத்து ஓகே ஆவட்டும்."

ஒரு பக்கத்தை ஓரம் கிழித்து, மஜீத் தூணருகே போய் நின்றார். கட்டைவிரல் ஊர்ந்தது.

"முந்தினது இதவிடத் தேவலை" என்றார் பேராசிரியர்.

வீடு திரும்பிய மச்சானை ஹுசைன் தேற்றினான். "குத்தம் சாப்ட்வேர் மேல இல்ல, பிரிண்டர் மேல. ஊசி ஊசியா குத்தி அடிக்கற பிரிண்டர் அது. உங்க சாரு ரசனை உள்ள ஆளு போலக்குது. வென்ச்சுரான்னு ஒரு சாப்ட்வேரும் வந்திருக்குது. அடிக்குறிப்பெல்லாம் அதுவே தூக்கி எடத்துல வைக்கும். லேசர் பிரிண்டுல எடுத்தா கண்ணாடி மாதிரி வழவழன்னு வரும்."

"தாள் நல்ல கனமா இருக்கட்டும்" என்றார் மஜீத். "அவரு தாளைத்தான் ரொம்ப நேரம் தடவிப் பாக்கறாரு."

இப்படி, ஒரு பிழையோடு மற்றொரு பிழை முறையாகச் சேர்ந்தது.

ஹுசைன் முதல் மூன்று அத்தியாயங்களையும் வென்ச்சுராவில் ஏற்றி, மாதிரிக்கு ஒரு பக்கம் லேசரில் எடுத்து, எல்லாம் அடங்கிய பிளாப்பித் தட்டையும் கொண்டுவந்து கொடுத்தான். "இத பத்திரமா வச்சிருங்க மச்சான். சென்டர்ல வச்சா எவனாவது மேல வேற எதையாவது ஏத்திப்புடுவான்."

பத்திரம் என்றால் என்னவென்று மஜீத் பள்ளி அலுவலகத்தில் கற்றிருந்தார். தனித்தாள் தொலையும், கோத்த தாள் தொலையாது. பிளாப்பியை ஓரத்து நடுவில் பஞ்ச் வைத்துத் துளைத்து, பச்சை டேக் நூலில் முதல் அத்தியாயத்தோடு சேர்த்துக் கட்டிக் கோப்பில் வைத்தார்.

மறுவாரம் அதைப் பார்த்த ஹுசைன் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டான். "மச்சான், இன்னா பண்ணி வச்சிருக்கீங்க!"

"தொலையக் கூடாது இல்ல?"

"இனிமே தொலையாது. தொலையறதுக்கு அதுல ஒண்ணுமே இல்ல."

"ஓரத்துலதானேடா ஓட்டை போட்டாரு?" என்று கணவருக்காகப் பரிந்தாள் அசீசுன்னிசா.

"உள்ள தட்டு சுத்தும்க்கா! ஓட்டை விழுந்த எடமும் கூடவே சுத்தும்!"

பிளாப்பியில் ஏற்றிய மூன்று அத்தியாயங்களும் போயின. ஆயினும் மாதிரிப் பக்கம் கையில் இருந்தது; அது அழகாகவும் இருந்தது. கனத்த பாண்டுத் தாளில் எழுத்துகள் கறுத்து, ஒரே சீராக நின்றன. பேராசிரியர் கட்டைவிரலால் தடவினார். பிறகு உள்ளங்கையை முழுவதுமாக வைத்துத் தடவினார்.

"இது அதவிட மோசம்" என்றார். தாளைத் திருப்பி நீட்டி, "மஜீத், நான் கேட்டது நல்ல எழுத்து. நீங்க தடவைக்குத் தடவை தரத்தைக் கொறச்சுக்கிட்டே வர்றீங்க. இந்த ஆய்வேட்டை முடிக்கற எண்ணம் உங்களுக்கு இருக்குதா?" என்றார்.

மஜீத் வெயிலில் நடந்தார். அந்த ஆண்டு மாசியிலேயே ஏரிகள் தரை காட்டிவிட்டன. பாறைமலைகள் மூன்றும் ஊரைச் சுற்றி அடுப்புக் கற்களாகக் காய்ந்தன. பேராசிரியருக்குத் தம்மீது கோபமென்று சொல்லவும் காரணமில்லை. கடந்த இரண்டு ஆண்டுகளில் எழுதிக்கொடுத்த நான்கு அத்தியாயங்களில் அவர் ஒரு திருத்தமும் செய்ததில்லை. "நன்று, மேலே எழுதுங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டார். முன்பெல்லாம் பக்கம் முழுவதும் சிவப்பு மை ஓடும். தமது ஆங்கிலம் பழுத்துவிட்டதென்று மஜீத் மனைவியிடம் சொல்லியிருந்தார். அப்படிப் பாராட்டியவர், கரைசேரும் வேளையில் எழுத்தின் வடிவத்தைப் பிடித்துக்கொண்டு ஏன் அழுத்துகிறார்? ஓய்வுபெறும் நெறியாளர்களுக்குக் கடைசி மாணவனைக் கவிழ்த்துப் பார்ப்பதில் ஓர் இன்பம் உண்டென்று ஆசிரியர் அறையில் பேச்சு இருந்தது. மஜீத் அதை நம்பத் தொடங்கினார்.

"கடைசியா ஒண்ணு இருக்குது" என்றான் ஹுசைன். அவனுடைய நண்பன் மெட்ராஸில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்தான். "டெக்குன்னு பேரு. கணக்குப் புரொபசர் ஒருத்தரே உக்காந்து எழுதின சாப்ட்வேர். எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவுல எவ்ளோ எடம் வுடணும்னு கணக்குப் போட்டு வுடும். இதுக்கு மேல ஒலகத்துல எழுத்தே கெடையாது மச்சான்."

"அவங்க ஊரு ஏரியெல்லாம் அதுலயா எழுதறாங்க?" என்றாள் அசீசுன்னிசா.

"ஏரி இல்லக்கா. ராக்கெட்டு."

டெக்கில் தலைப்புக்கு ஒரு கட்டளை, சாய்வெழுத்துக்கு ஒரு கட்டளை. எல்லாவற்றையும் அடைப்புக்குறிக்குள் இட வேண்டும். நண்பன் ஓர் அடைப்புக்குறியை மூட மறந்தான். தபாலில் முதலில் வந்தது ஏரி அன்று. எந்த வரியில் என்ன பிழை என்று கம்ப்யூட்டர் அடித்துக் கொடுத்த குற்றப்பட்டியல். மஜீத் அதைத் தேர்வாளர் அறிக்கை என்று எண்ணிக் கடைசிவரை படித்தார். இரண்டாவது உறையில் பக்கம் வந்தது. தலைமையாசிரியர் அதை ஏதோ அச்சுப் புத்தகத்திலிருந்து கிழித்த தாள் என்று நினைத்து, நூலகப் புத்தகத்தைக் கிழிக்கலாமா என்று கடிந்துகொண்டார். அசீசுன்னிசா முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தாள்.

"நம்ம நிக்காஹ் பத்திரிகைகூட இப்டி அடிக்கல" என்றாள். அவள் வாயிலிருந்து அந்த ஆய்வேட்டுக்குக் கிடைத்த முதல் நல்ல சொல் அதுதான்.

மார்ச் இருபத்தொன்றாம் தேதி மாலை, மஜீத் அதைப் பேராசிரியர் மடியில் வைத்தார். கட்டைவிரல் ஊர்ந்தது. உள்ளங்கை ஊர்ந்தது. தாள் திருப்பப்பட்டது, மறுபடி கட்டைவிரல் ஊர்ந்தது.

"மஜீத்" என்றார் பேராசிரியர். "இதுல எது முன்பக்கம்?"

வாசற்படியில் முறத்தோடு நின்ற பவுனம்மாள்கூடக் கையை நிறுத்தினாள். இதைவிடக் கொடிய அவமதிப்பை மஜீத் கேட்டதில்லை. "மேல இருந்ததுதான் சார்" என்று சொல்லத்தான் முடிந்தது.

"அப்படியா" என்றார் பேராசிரியர்.

மஜீத் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். விடிந்தும் எழவில்லை. அசீசுன்னிசா தேநீரை வைத்துவிட்டு எதிரில் வந்து நின்றாள்.

"எந்திரிங்க."

"எல்லாம் முடிஞ்சுபோச்சு."

"முடிஞ்சுதோ இல்லியோ, முப்பத்தொண்ணாந்தேதி வரைக்கும் படுக்கக் கூடாது. கம்ப்யூட்டர் வேணாம், கணக்கு வாத்தியாரு வேணாம். அந்த டைப்படிக்கற ஆளாண்டயே போங்க. மேல் காப்பிய எடுத்துக் குடுங்க. அதையும் வேணான்னாருன்னா நானே போயி நிக்கறேன். எனக்கு அவரு மூஞ்சியப் பாத்துப் பேசறதுக்கு ஒண்ணும் கஷ்டமில்ல."

இந்தக் கடைசி வாக்கியத்துக்கு அஞ்சித்தான் மஜீத் எழுந்தார்.

உத்திராபதி பால் சங்கத்து அறிவிப்பைப் பல படி உருட்டி எடுப்பதற்காக மிஷினில் மெழுகுத்தாள் ஸ்டென்சில் வெட்டிக்கொண்டிருந்தார். மஜீத்தைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது, அன்பினால் அன்று.

"வாங்க சார், வாங்க. இன்னா ஆச்சு கம்ப்யூட்டரு? கரண்ட் போயிட்டுதா?"

"ஒரு பக்கம் அடிச்சுக் குடுங்க உத்திராபதி. அவசரம்."

"எழுத்து விழாத மிஷினாச்சே சார் இது?"

"தயவு பண்ணுங்க."

உத்திராபதி ஸ்டென்சிலை உருவி எறிந்துவிட்டு, ஐந்து தாள், நான்கு கார்பன் செருகி அடிக்கத் தொடங்கினார். அவர் கண் மூலப்படியை விட்டு அகலாது; அடிக்கும் தாளைப் பார்ப்பது கற்றுக்குட்டிகளின் பழக்கமென்பது அவர் கருத்து. மேசை ஆடியது. சுவரில் காலண்டர் ஆடியது. ஒவ்வொரு எழுத்திலும் ஆறு வாரக் கோபம் இறங்கியது. முடிந்ததும் தாள்களைக் கார்பனோடு சேர்த்து உருவி உறையில் திணித்து, "போங்க சார், இதுவும் விழலன்னா மிஷினை அய்யா தலையில போட்டுப் பாக்கச் சொல்லுங்க" என்றார்.

தூணருகே நின்று மஜீத் மேல்தாளை மட்டும் உருவி நீட்டினார். நீட்டும்போதே கண்களை மூடிக்கொண்டார். அந்தக் கட்டைவிரலை இன்னொரு முறை பார்க்கும் தெம்பு அவரிடம் இல்லை.

தாளின்மேல் விரல் உரசும் ஒலி மட்டும் கேட்டது.

"அடடா" என்றார் பேராசிரியர். "இது எழுத்து, மஜீத்! ஒவ்வொண்ணும் தனித்தனியா நிக்குது பாருங்க. யார் அடிச்சது?"

"உத்திராபதி சார், பஜார்ல."

"மொத்தத்தையும் அவரையே அடிக்கச் சொல்லுங்க. இதே கை, இதே மிஷின். கொண்டு வாங்க, கையெழுத்துப் போடறேன்."

தாளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு மஜீத் பின்னோக்கியே நடந்து வாசலைக் கடந்தார். தெருவில் நின்று, ஆறு வாரத்துக்குப் பின் முதல் முறையாக மகிழ்ச்சியோடு அந்தப் பக்கத்தைப் பார்த்தார்.

அது வெள்ளைத் தாள்.

திருப்பினார், அந்தப் பக்கமும் வெள்ளை. உறையிலிருந்த கார்பன் படிகளைப் பிரித்தார். அவற்றில் எழுத்து கறுப்பாக இருந்தது. மேல்தாளை வெயிலுக்குச் சாய்த்தபோது விளங்கியது. ஸ்டென்சில் வெட்டும்போது ரிப்பன் குறுக்கே வராதபடி மிஷினில் ஒரு விசையைத் தள்ளிவைப்பார்கள். உத்திராபதி கோபத்தில் அதைத் திருப்பி வைக்க மறந்துவிட்டார். மை படாத தாளை எழுத்துகள் வெறுமனே குத்தியிருந்தன. மேலே பள்ளம், பின்னால் புடைப்பு. அவ்வளவுதான்.

வெற்றுத் தாளைப் பார்த்து ஒருவர் அடடா என்றிருக்கிறார். பரிகாசமா, மூளைக் கலக்கமா என்று மஜீத்தால் தீர்மானிக்க முடியவில்லை. வீட்டைச் சுற்றிக் கொல்லைப் பக்கம் போனார். பவுனம்மாள் குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"பவுனம்மா, இதப் பாருங்க. இதுல இன்னா இருக்குது?"

"ஒண்ணும் இல்ல. வெத்துக் காயிதம்."

"இதத்தான் அய்யா ரொம்ப நல்லா இருக்குதுன்னு சொன்னாரு."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு, தாளைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். "ஆமா சார், நல்லா சொரசொரன்னு இருக்குது. நேத்து கொண்டாந்தீங்களே, எண்ணெ தடவினாப்போல, அதுல இன்னா இருக்குது அவரு பாக்கறதுக்கு?"

"தடவியா பாப்பாங்க எழுத்த?"

பவுனம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னா சார் இப்டிக் கேக்கறீங்க? அய்யாவுக்கு ரெண்டு கண்ணும் போயி ரெண்டு தீவாளி ஆவுது. உங்களுக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் தபாவுக்கு ஒரு தினுசா காயிதம் கொண்டாரீங்கன்னு நெனச்சேன்."

மஜீத் குழாயடிக் கல்லில் உட்கார்ந்தார்.

"காலேஜுக்குப் போறாரே? பாடம் நடத்தறாரே?"

"பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நான் கூட்டிக்கினு போறேன், அங்கேருந்து பியூன் இட்டுக்கினு போறான். முப்பது வருஷமா ஒரே பாடம், அதுக்கு எதுக்கு சார் கண்ணு?"

"நான் குடுத்த அத்தியாயமெல்லாம்?"

"எல்லாம் அலமாரில பத்திரமா இருக்குது. ஒரு எலி தொட்டதில்ல." அவள் குரலைத் தாழ்த்தினாள். "மே மாசம் ரிடேர் ஆவறாரு. அதுவரைக்கும் யாராண்டயும் சொல்லிடாதீங்க சார். தெரிஞ்சா இப்பவே வூட்டுக்கு அனுப்பிடுவாங்க."

சொன்னால் பேராசிரியரின் வேலை போகும். நெறியாளர் மாறுவார், கெடு கடக்கும், மஜீத்தின் எட்டு ஆண்டும் போகும். அவர் மனைவியிடம் மட்டும் சொன்னார். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் சிரிக்கவில்லை.

"அப்ப கடைசி நாலு அத்தியாயத்த ஒருத்தருமே படிக்கலியா?"

"யுனிவர்சிட்டியில படிப்பாங்க."

"அவங்களுக்கு மட்டும் கண்ணு இருக்குதுன்னு யாரு சொன்னது?"

அன்று மாலை எடுக்கப்பட்ட முடிவு இதுவே. வேர்ட்ஸ்டார், வென்ச்சுரா, டெக் மூன்றும் கைவிடப்பட்டன. உத்திராபதி பயிலகத்துக்கு ஒரு வாரம் விடுமுறை விட்டு, ஆய்வேடு முழுவதையும் ரிப்பன் விசையைத் தள்ளிவைத்தபடியே அடித்து முடித்தார். கார்பன் படிகள் பல்கலைக்கழகத்துக்கென்று கட்டப்பட்டன. வெள்ளையாக இருந்த மேல்படி பேராசிரியருக்கு வழங்கப்பட்டது. மார்ச் முப்பதாம் தேதி, வியாழக்கிழமை, மஜீத் அவர் விரலைப் பிடித்து வைத்துக் காட்டிய இடத்தில், "இவ்வாய்வேட்டை முதலிலிருந்து இறுதிவரை நானே படித்துப் பார்த்தேன்" என்ற வாசகத்தின் கீழ்ப் பேராசிரியர் வெங்கடரமணன் கையெழுத்திட்டார்.